கல்லூரியில் அத்துமீறல் நடந்தால்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்கள் எங்கே போவது, என்ன எழுதுவது

கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். இரண்டு பக்கமும் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தாள் அந்த மாணவி. பென்னாகரம் பக்கத்துக் கிராமம். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். கல்லூரி அலுவலகத்தில் தாளை நீட்டியபோது, "முதல்வர் வெளியே போயிருக்கிறார், மேசையில் வைத்துவிட்டுப் போ பாப்பா" என்றார்கள். வைத்துவிட்டு வந்துவிட்டாள். மூன்று வாரம் கழித்துக் கேட்டபோது அப்படி ஒரு தாள் வரவே இல்லை என்றார்கள். அவளிடம் நகல் இல்லை. அதையெல்லாம் இன்னொரு முறை எழுதத் தெம்பும் இல்லை.

அதற்குப் பிறகுதான் அவள் என்னிடம் வந்து சேர்ந்தாள். நான் தருமபுரியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டு கல்லூரிகளின் புகார் குழுவில் வெளி உறுப்பினராக உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கட்டுரை முழுவதிலும் நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போவது ஒன்றுதான்: எழுதுங்கள், இரண்டு பிரதி எடுங்கள், ஒன்றில் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்ன புகார் காற்றோடு போய்விடுகிறது. முத்திரை விழுந்த தாளை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

இந்த ஆண்டுதான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறீர்கள், ஊர் புதிது, விடுதி புதிது, யாரை எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை என்றால், இது உங்களுக்காக.

முதல் நாள்

உடலுக்கு ஆபத்து என்றால் 112. பெண்களுக்கான உதவி எண் 181, இரவிலும் எடுப்பார்கள். 181-இல் பேசும்போது உங்கள் மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். சகி மையம், ஓ.எஸ்.சி. என்றும் அதைச் சொல்வார்கள். தற்காலிகமாகத் தங்க இடம், மருத்துவ உதவி, மனநல ஆலோசனை, வழக்கறிஞர் ஆலோசனை, காவல் நிலையத்துக்கு உடன் வர ஆள் ஆகியவை ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே அதை ஏற்படுத்தியிருக்கிறார்கள். விடுதிக்குத் திரும்பப் பயமாக இருக்கிற இரவில் அந்த ஒரு எண் போதும்.

பாலியல் வன்கொடுமை நடந்திருந்தால் குளிக்காமல், உடை மாற்றாமல் மருத்துவமனைக்குப் போவது நல்லது. மாற்றிவிட்டீர்கள், குளித்தும் விட்டீர்கள் என்றாலும் பரவாயில்லை, போங்கள். கழற்றிய உடைகளைத் துவைக்காமல் காகிதப் பையிலோ செய்தித்தாளிலோ சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் வைத்தால் ஈரம் தங்கித் தடயம் கெட்டுப்போகும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊர்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அரூரிலும் ஓசூரிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. "முதலில் எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டு வா" என்று அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. உடனடிச் சிகிச்சை இலவசம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன், அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ள வேண்டாம். மருத்துவமனை காவல் துறைக்குத் தகவல் சொல்லும். அது அவர்களுடைய சட்டக் கடமை. ஆனால் உங்கள் உடலைப் பரிசோதிக்க உங்கள் சம்மதம் வேண்டும். பெண்ணுறுப்பில் விரல் விட்டுச் சோதிக்கும் 'இரு விரல் பரிசோதனை' கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறது. அப்படி யாராவது தொடங்கினால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

நடந்தது வேறு வகை என்றால், அதாவது செல்போனில் வந்த செய்தி, வகுப்பில் சொன்ன வார்த்தை, ஆய்வகத்தில் வேண்டுமென்றே உரசியது என்றால், முதல் நாள் வேலை செல்போனைப் பாதுகாப்பது. எதையும் அழிக்காதீர்கள். கோபத்தில் அந்த எண்ணை பிளாக் செய்வதற்கு முன் முழு உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எண்ணும் தேதியும் நேரமும் தெரிய வேண்டும். தானாக மறையும் செய்தி என்றால் இன்னொரு செல்போனால் திரையைப் படம் எடுங்கள். அதை நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதே என்று பழைய செல்போனை விற்றுவிடாதீர்கள். விசாரணையில் அந்தக் கருவியையே கேட்பார்கள். உங்கள் படத்தை வைத்து மிரட்டுகிறார்கள் என்றால் 1930, சைபர் குற்றப் புகார் எண். பணம் மட்டும் கொடுக்காதீர்கள். ஒரு முறை கொடுத்தவரிடம் மறுபடியும் கேட்பார்கள்.

எழுதுவது எப்படி

இதைத்தான் நான் அதிக நேரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பேன், ஏனென்றால் பெரும்பாலான புகார்கள் இங்கேதான் வலுவிழக்கின்றன. "ஐயா என்னிடம் தவறாக நடந்துகொண்டார், எனக்கு மனம் மிகவும் கஷ்டமாக இருக்கிறது" என்று எழுதிக் கொண்டுவருவார்கள். எழுதியவருக்கு அந்த ஒரு வரிக்குள் எல்லாம் அடங்கியிருக்கிறது. படிக்கிற குழுவுக்கு ஒன்றும் தெரியாது. என்ன தவறு, எந்த நாள், எங்கே, யார் பார்த்தார்கள்?

இப்படி எழுதிப் பாருங்கள்: "2025 ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை, மாலை சுமார் 4.10. இரண்டாம் மாடி வேதியியல் ஆய்வகம். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கப் போனேன். அறையில் அவரும் நானும் மட்டும் இருந்தோம். கையெழுத்துப் போட்டு நோட்டைத் தரும்போது என் மணிக்கட்டைப் பிடித்து, உள்மதிப்பீட்டு மதிப்பெண் என் கையில்தான் இருக்கிறது, தெரியுமா என்று கேட்டார். கையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். படிக்கட்டில் என் வகுப்புத் தோழியைப் பார்த்து அழுதேன். அன்று இரவு 8.40-க்கு அவர் அனுப்பிய செய்தியை இணைத்திருக்கிறேன்."

இதில் பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை. ஆனால் தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது, அவர் சொன்னது அப்படியே இருக்கிறது, முதலில் பார்த்த ஆள் இருக்கிறார். அந்தத் தோழி சம்பவத்தைப் பார்க்கவில்லை என்றாலும் நீங்கள் அழுததைப் பார்த்தார். அதுவும் சாட்சிதான்.

சரியான நேரம் நினைவில்லை என்றால் 'சுமார்' என்று போடுங்கள். நினைவில் இல்லாததை ஊகித்து எழுதாதீர்கள். அவர் சொன்ன ஆபாசமான வார்த்தையை எழுதக் கூச்சமாக இருக்கும், தெரியும். இருந்தாலும் எழுதுங்கள். கூச்சப்பட வேண்டியவர் அதைச் சொன்னவர். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளைகள் நிறைய. எந்த மொழியில் மனம் தடையில்லாமல் வருகிறதோ அந்த மொழியில் முதலில் எழுதிவிட்டுப் பிறகு தமிழில் எழுதுங்கள். இரண்டையும் சேர்த்து வையுங்கள்.

ஒரே தடவை நடந்தது அல்ல, மாதக்கணக்காக நடக்கிறது என்றால் ஒரு சின்ன நோட்டு போடுங்கள். தேதி, இடம், நடந்தது, கூட இருந்தவர். நாளுக்கு மூன்று வரி போதும். விடுதியில் வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது

பாலியல் தொல்லை என்றால் கல்லூரியின் உள்ளகப் புகார் குழு. நம் பக்கத்தில் எல்லோரும் 'விசாகா கமிட்டி' என்றே சொல்கிறார்கள். 1997-இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பிலிருந்து வந்த பெயர் அது. பிறகு 2013-இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. உயர்கல்வி நிறுவனங்களுக்கென்று பல்கலைக்கழக மானியக் குழு 2015-ஆம் ஆண்டு விதிமுறைகளை வகுத்தது. அரசுக் கல்லூரி, தனியார் கல்லூரி எல்லாவற்றிலும் இந்தக் குழு இருந்தாக வேண்டும்.

உங்கள் கல்லூரிக் குழு முறையாக அமைந்திருக்கிறதா என்று நீங்களே சரிபார்க்கலாம். தலைவர் மூத்த பெண் ஆசிரியராக இருக்க வேண்டும். ஆசிரியர்கள் இரண்டு பேர், அலுவலகப் பணியாளர்கள் இரண்டு பேர், வெளியிலிருந்து ஒருவர், மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மாணவர் பிரதிநிதிகள் மூன்று பேர். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். துறைத் தலைவர், டீன், பதிவாளர் போன்ற உயர் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் உறுப்பினராக இருக்கவே கூடாது. குழுவில் ஒரு துறைத் தலைவர் உட்கார்ந்திருந்தால் அதை எழுத்தில் ஆட்சேபிக்கலாம். நானே ஒரு கூட்டத்தில் அப்படி ஆட்சேபித்திருக்கிறேன். முகம் சுளித்தார்கள், ஆனால் ஆளை மாற்றினார்கள்.

சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தொடர்ந்து நடந்தது என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தாமதமாகிவிட்டால் காரணத்தை எழுதுங்கள். பயம், உடல்நிலை, தேர்வு, மிரட்டல் எதுவானாலும் உண்மையான காரணம் போதும். குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம்.

புகார் முதல்வர் மீதோ நிர்வாகியின் மீதோ என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார் குழு இருக்கிறது. ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்டச் சமூக நல அலுவலகம் எங்கே என்று கேட்டுப் போனால் அங்கே சொல்வார்கள். இந்த இரண்டு மாவட்டக் கலைக் கல்லூரிகளில் பெரும்பாலானவை சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பொறியியல் என்றால் அண்ணா பல்கலைக்கழகம். பதிவாளருக்கு ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பி வைப்பது என் வழக்கம். தபால் ரசீதும் ஒரு சாட்சி.

ஆண் மாணவர்களும் திருநர் மாணவர்களும் இது பெண்களுக்கு மட்டும் என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். 2013 சட்டம் பெண்களுக்கானது. ஆனால் மானியக் குழுவின் விதிமுறைகள் ஆண் மாணவர்களும் மூன்றாம் பாலினத்தவரும் பாதிக்கப்படலாம் என்பதை வெளிப்படையாகவே ஏற்றுக்கொள்கின்றன. நீங்களும் எழுதலாம்.

சீனியர்களின் ராகிங் என்றால் தேசிய உதவி எண் 1800-180-5522, கட்டணமில்லாதது. தமிழ்நாட்டில் 1997 முதலே ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு, கல்லூரியை விட்டு நீக்கப்பட்டவரை வேறு கல்லூரியிலும் சேர்க்க முடியாது. ராகிங் என்று சொல்லிப் பாலியல் தொல்லை தந்திருந்தால் இரண்டு குழுவுக்கும் எழுதுங்கள்.

சாதிப் பாகுபாடு பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சித்தேரி மலையிலிருந்து இறங்கி வருகிற மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள் பேசுவது தமிழ். சாதிச் சான்றிதழில் உள்ள பெயரைப் பார்த்துவிட்டு வகுப்பில் சத்தம் போட்டு, "நீ கேரளாவா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அங்கே தொடங்குவது உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்க வாசிப்பது, "கோட்டாவில் வந்தவன்" என்பது, விடுதியில் தட்டைத் தனியாக வைப்பது என்று போகும். இதற்கு மானியக் குழுவின் 2012 சமத்துவ விதிமுறைகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் சம வாய்ப்புப் பிரிவும் இருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவரைச் சாதியைச் சொல்லிப் பிறர் முன்னிலையில் இழிவுபடுத்தினால், அடித்தால், அத்துமீறினால், அது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். அந்தச் சட்டத்தில் வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை, டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு அரசு நிவாரணத் தொகை உண்டு. உதவி எண் 14566. சாதிச் சான்றிதழின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண், கட்டணம், சான்றிதழைத் தர மறுப்பது போன்றவற்றுக்கு மாணவர் குறைதீர்க் குழு இருக்கிறது. 2023 விதிமுறைப்படி 15 வேலை நாட்களில் அது பதில் சொல்ல வேண்டும். அதன் மேல் பல்கலைக்கழகத்தில் குறைதீர்வாளர் இருக்கிறார். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ள உரிமை இல்லை.

வீட்டில் சொல்வது

எந்த வழிகாட்டி நூலிலும் இந்தப் பகுதி இருக்காது. ஆனால் நம் மாவட்டங்களில் புகார்கள் நின்றுபோவதற்கு இதுவே முதல் காரணம். என்னிடம் வந்த பிள்ளைகளில் அநேகமாக எல்லோரும் முதலில் சொன்னது, "அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்" என்பதுதான். "போதும் படித்தது, மாப்பிள்ளை பார்க்கலாம்" என்கிற அந்தப் பயம் தொல்லை கொடுத்தவருக்கும் நன்றாகத் தெரியும். அதை நம்பித்தான் அவர் துணிகிறார்.

18 வயது நிறைந்தவர் தன் புகாரைத் தானே தரலாம். பெற்றோர் கையெழுத்து தேவையில்லை. "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, பிறகு பார்க்கலாம்" என்று அலுவலகத்தில் சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. வீட்டுக்குத் தகவல் சொல்லக் கூடாது என்று புகாரிலேயே ஒரு வரி எழுதலாம். முதலாண்டில் 17 வயதில் இருப்பவர்களுக்கு மட்டும் நிலைமை வேறு: 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின்படி விஷயம் தெரிந்த எவரும் காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும். பேராசிரியை ஒருவரிடம் மனம் விட்டுப் பேசினாலும் அவர் அதை ரகசியமாக வைத்திருக்கச் சட்டம் இடம் தராது. இது தெரியாமல் பேசிவிட்டுப் பிறகு பதறிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்; அதனால் முன்பே சொல்கிறேன். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். படிப்பை நிறுத்தி 18 வயதுக்கு முன் கல்யாணப் பேச்சு எடுத்தாலும் அதே எண்தான்.

வீட்டில் சொல்வது என்று முடிவு செய்தால் முதலில் யாரிடம் என்று யோசியுங்கள். அப்பாவிடம்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. அம்மா, சித்தி, அத்தை, படித்த அக்கா, யாருடைய சொல்லுக்கு வீட்டில் மதிப்பு இருக்கிறதோ அவரிடம். முத்திரை விழுந்த தாள் கையில் வந்த பிறகு சொல்லுங்கள். மூன்று விஷயம் மட்டும்: இது நடந்தது, நான் இதைச் செய்திருக்கிறேன், உங்களிடம் எனக்கு இது வேண்டும். 'இது வேண்டும்' என்பது தெளிவாக இருக்கட்டும்: "விசாரணை நாளன்று அம்மா கூட வர வேண்டும்" என்பது போல. அழுதுகொண்டு வந்து நிற்கிற மகளைப் பார்த்தால் வீடு பதறும். என்ன செய்வது என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்கிற மகளைப் பார்த்தால் வீடு கொஞ்சம் நிதானிக்கும்.

கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து ஒரு தந்தை வந்தார். மாந்தோப்பில் குத்தகைக்கு வேலை செய்கிறவர். மகள் சொன்னதை எல்லாம் கேட்டு முடித்தார். துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அடிக்கக் கிளம்பப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கடைசியில் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இவள் பரீட்சை எழுதலாம்தானே அம்மா?" எழுதலாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் ஒரு விசாரணை நாளைக்கூடத் தவறவிடவில்லை. வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

புகார் கொடுத்த பிறகு

குழுத் தலைவரிடமோ உறுப்பினரிடமோ நேரில் கொடுங்கள். முத்திரை போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். அன்றே பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். புகாரின் கடைசியில் இடைக்கால உதவி கேட்டு ஒரு பத்தி எழுத மறக்காதீர்கள். "விசாரணை முடியும்வரை என் உள்மதிப்பீட்டையும் செய்முறைத் தேர்வையும் வேறு ஆசிரியர் மதிப்பிட வேண்டும். அவர் என்னோடு நேரிலோ செல்போனிலோ தொடர்புகொள்ளக் கூடாது. விசாரணைக்காக வகுப்புக்கு வர முடியாத நாட்களை வருகைப் பதிவில் குறைக்கக் கூடாது." நீங்கள் கேட்காமல் யாரும் தானாகக் கொடுக்க மாட்டார்கள். விதிமுறையே இதற்கு இடம் தருகிறது.

ஏழு நாளில் எதிர்த்தரப்புக்குப் புகாரின் பிரதி போகும். பத்து நாளில் அவர் பதில் தர வேண்டும். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். அடுத்த பத்து நாளில் அறிக்கை. அதிலிருந்து 30 நாளில் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும். முடிவில் திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. இந்தத் தேதிகளைக் காலண்டரில் நீங்களே குறித்து வையுங்கள். நாள் தள்ளிப்போனால் ஒரு கடிதம், அதற்கும் முத்திரை.

விசாரணையில் "அன்று என்ன உடை போட்டிருந்தாய்?", "உனக்குக் காதல் இருக்கிறதா?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கேள்விக்கும் புகாருக்கும் என்ன தொடர்பு என்று கேட்டு, கேள்வி பதிவாகட்டும் என்று சொல்லுங்கள். பதிவாகட்டும் என்றதும் பல கேள்விகள் தானாக நின்றுவிடும். உங்கள் வாக்குமூலத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

"நிரூபிக்க முடியாவிட்டால் உன் மேல் நடவடிக்கை வரும்" என்று மிரட்டுவார்கள். வராது. நிரூபிக்க முடியாமல் போவது வேறு, வேண்டுமென்றே பொய் சொல்வது வேறு என்று சட்டமே பிரித்துச் சொல்கிறது.

இன்னொன்று, பஞ்சாயத்து. ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர், கட்சிக்காரர் ஒருவர், கல்லூரித் தரப்பில் ஒருவர் என்று வீட்டுக்கு வருவார்கள். காபி குடித்துவிட்டு, "பெண் பிள்ளை விஷயம், வெளியே போனால் உங்களுக்குத்தான் அசிங்கம்" என்பார்கள். கவரில் பணமும் இருக்கலாம். சட்டத்தில் சமரசத்துக்கு வழி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதைப் புகார் கொடுத்தவர் தானே கேட்க வேண்டும், குழுவின் முன்தான் நடக்க வேண்டும், பணத்தை அடிப்படையாக வைக்கவே கூடாது. வீட்டுத் திண்ணையில் நடப்பது சமரசம் அல்ல, வாயை அடைப்பது. அப்படி வந்தவர்களின் பெயரையும் தேதியையும் அந்தச் சின்ன நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

விசாரணை நடக்கும்போது பெயர், படம், விவரம் எதையும் சமூக வலைத்தளத்தில் போடாதீர்கள். இரண்டு தரப்புக்கும் ரகசியக் காப்பு உண்டு. அதை மீறினால் நம் புகாரே திசை மாறிப்போகும்.

காவல் நிலையம்

கல்லூரிக் குழுவிடம் போனால் காவல் நிலையத்துக்குப் போகக் கூடாது என்று எங்கும் இல்லை. இரண்டையும் செய்யலாம், ஒன்றை மட்டும் செய்யலாம். மூன்று மாதக் கெடுவெல்லாம் குழுவுக்குத்தான். அது கடந்தாலும் காவல் நிலையத்தின் கதவு மூடிவிடாது.

தருமபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் ஆகிய ஊர்களில் அனைத்து மகளிர் காவல் நிலையம் இருக்கிறது. எந்த நிலையத்துக்குப் போனாலும் "இது எங்கள் எல்லை இல்லை" என்று அனுப்பக் கூடாது. பதிந்துவிட்டு உரிய நிலையத்துக்கு அவர்கள் மாற்ற வேண்டும். உங்கள் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பாலியல் தொல்லை 75-ஆம் பிரிவு, மறைந்திருந்து பார்ப்பதும் படமெடுப்பதும் 77, பின்தொடர்வது 78. இணையத்தில் விடாமல் தொடர்வதும் பின்தொடர்வதுதான். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். உடனே எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்றால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் எழுந்து வராதீர்கள். அதுவும் இல்லை என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தாலும் அதற்கு எண் போட்டுத் தருவார்கள்.

பெயர் வெளியே வந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வழக்கில் மாணவியின் விவரத்தோடு எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்தது. உயர் நீதிமன்றம் அதைக் கடுமையாக எடுத்துக்கொண்டு, அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர உத்தரவிட்டது. பாலியல் வன்கொடுமையில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். காவல் துறைக்கும் பத்திரிகைக்கும் பக்கத்து வீட்டுக்கும் அது பொருந்தும்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று நிற்காதீர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் தருவார்கள். எண் 15100.

காலம் கடந்துவிட்டது, இனி யார் நம்புவார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் வாச்சாத்தியைச் சொல்வேன். அரூர் பக்கத்து மலையடிவாரக் கிராமம். 1992 ஜூனில் அங்கே வனத்துறையினரும் காவல் துறையினரும் வருவாய்த் துறையினரும் புகுந்து நடத்திய தாக்குதலையும் பாலியல் வன்கொடுமையையும் முதலில் யாரும் நம்பத் தயாராக இல்லை. அந்த ஊர்ப் பெண்கள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 2011-இல் தருமபுரி நீதிமன்றம் அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தப் பெண்கள் நம் ஊர்க்காரர்கள். நீங்கள் அரூர் பஸ்ஸில் போகும்போது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கலாம்.

உடன் இருப்பவர்களுக்கு

தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாகலாம் போலிருக்கிறது என்று உங்கள் தோழியோ தோழனோ சொன்னால் தனியாக விடாதீர்கள். 14416, மனநல ஆலோசனைக்கான டெலி மனஸ் எண். தமிழில் பேசலாம், எந்த நேரமும் பேசலாம். நீங்களே எண்ணைப் போட்டுக் கொடுங்கள். அந்த நேரத்தில் எண்ணை அழுத்தக்கூட அவர்களால் முடியாது.

"ஏன் அப்போதே சொல்லவில்லை?", "ஏன் தனியாகப் போனாய்?" என்ற இரண்டு கேள்விகளையும் கேட்காதீர்கள். அவர் சொன்ன நாளையும் நேரத்தையும் நீங்களும் எழுதி வையுங்கள். பின்னால் குழு உங்களைச் சாட்சியாகக் கூப்பிடலாம். பாதிக்கப்பட்டவர் உடலாலோ மனத்தாலோ புகார் எழுதும் நிலையில் இல்லை என்றால் நண்பர், உறவினர், உடன் படிப்பவர் அவருக்காகப் புகார் தர விதிமுறையில் இடமுண்டு. அவர் விருப்பம் தெரியாமல் மட்டும் அந்த வேலையைச் செய்யாதீர்கள்.

விசாரணை நாளன்று நீங்களும் கிளம்புங்கள். பெண்களுக்கு அரசு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை, செலவு ஒன்றும் ஆகாது. காலையில் அவரைச் சாப்பிட வையுங்கள், உள்ளே எத்தனை மணி நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது. ஃபைலை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் புகாரின் முத்திரைப் பிரதி மேலே இருக்கட்டும், கீழே இரண்டு நகல், ஸ்கிரீன்ஷாட் அச்சுகள், அடையாள அட்டை, ஒரு வெள்ளைத்தாள், இரண்டு பேனா. தண்ணீர் பாட்டிலும் செல்போன் சார்ஜரும் உங்கள் பையில். ஊருக்குத் திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.